செவ்வாய் சாரும் எங்கள் மேட்டு லயமும்

ஊவா மாகாணத்திலேயே வருங்காலம் அத்துப்படியானவர் செவ்வாய் சார் ஒருவர்தான். நிகழ்காலத்தோடுதான் அவருக்கு ஒத்தே வராது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேட்டு லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய ஒற்றையறைகளில், என் பக்கத்துக் காம்பராவில் இருந்தார். அவர் யாரையும் திட்டாத நாளில், மனுஷனுக்குக் காய்ச்சலோ என்று நான் எட்டிப் பார்ப்பேன்.

தோட்டத்து ஆபீசில் தபால் பை தூக்குவது அவர் உத்தியோகம். காலையில் மழைமானியில் தண்ணீரை அளந்து எழுதுவதும் அவரே. மீதி நேரமெல்லாம் விஞ்ஞானக் கதை எழுதுவார். மேசை கிடையாது, அரிசி டின்மேல் பலகை போட்டுக்கொள்வார். எழுதிய வசனத்தைப் பேசிப் பார்க்கும் பழக்கம் வேறு. கதையில் ஒருவன் செத்தால் எங்கள் வீட்டுக் கோழி பதறிப்போய் வெளியே ஓடும்.

கதை எப்போதும் ஒன்றுதான். முந்நூறு வருஷம் கழித்துச் செவ்வாய்க் கிரகத்தில் தேயிலை போடுகிறார்கள். வேலைக்கு நம் ஆட்களையே ரொக்கெட்டில் ஏற்றிப் போகிறார்கள். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிறார்கள்.

"அங்கேயும் லயந்தான் கட்டுவான். கூரை ஒழுகும்," என்பார்.

"செவ்வாயில ஏது சார் மழை?"

"லயத்தைக் கட்டிப் பாரு, மழை தன்னால வரும்!"

கொழும்பில் ஒரு பத்திரிகை ஆசிரியர் அந்தக் கதையைத் திருப்பி அனுப்பினார். மலையகத்து ஆள் கொழுந்தைப் பற்றியும் அட்டைக் கடியைப் பற்றியும் உருக்கமாக எழுதினால் போடுவாராம். செவ்வாய் சார் லயமே அதிரக் கத்தினார்.

"எங்களுக்கு நேத்து மட்டுந்தான் இருக்கணுமா? நாளைக்குன்னு ஒன்னு இருக்கக் கூடாதா?"

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று அந்த ஆசிரியர் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

கடைசியில் பதுளையில் ஓர் அச்சகத்தைப் பிடித்துத் தானே புத்தகம் போட்டார். அட்டையில் சிவப்பாக ஒரு கிரகம், மேலே கொட்டை எழுத்தில் 'செவ்வாய்'. வினை அங்கேதான் வந்தது. கோடியில் குடியிருந்த ராசம்மாக்கா மகளின் ஜாதகத்தோடு வந்து நின்றார்.

"ஏழாம் எடத்துல செவ்வாய் இருக்குதுங்க. மூனு மாப்பிள்ளை தட்டிப் போச்சு. நீங்க செவ்வாயைப் பத்திப் பொஸ்தகமே போட்டிருக்கீங்களாமே?"

"ஐயோ, அது கதைம்மா. நான் வேதக்காரன். மாதா கோயிலுக்குப் போறவன்!"

"இருக்கட்டுங்களே. செவ்வாய் எல்லாருக்கும் பொதுதானுங்களே?"

மறு வாரம் தெமோதரையிலிருந்தும் ஜாதகங்கள் வந்தன. அவர் விரட்டினார். கோபக்காரர் வாக்கு அப்படியே பலிக்குமென்று புகழ் பரவிக் கூட்டம் இரட்டித்தது. புத்தகத்தை மட்டும் ஒருவரும் திறக்கவில்லை.

பிறகு அந்த ஐப்பசி மழை வந்தது. லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு கண்டது. செவ்வாய் சார் அதன் இரண்டு பக்கமும் முளை அடித்து, நூல் கட்டித் தினமும் அளந்தார். முதல் நாள் விரல் நுழைந்தது. நாலாம் நாள் கை நுழைந்தது. மழைக் கணக்கையும் வெடிப்புக் கணக்கையும் எழுதித் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கொடுத்தார். துரை, "புதுக் கதையா?" என்று சிரித்தாராம். மேலிடங்களுக்கும் எழுதினார், பதில் இல்லை. வாசல் வாசலாகப் போய்ச் சொன்னார்.

"எங்க சார் போறது?" என்றார்கள்.

நியாயந்தானே? போவதற்கு ஓர் இடம் கொடுத்திருந்தால் அல்லவா போவார்கள்! பன்னிரண்டு காம்பரா, நாற்பது சொச்சம் உயிர். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான நான் என்ன செய்தேன்? "உங்க போன கதையிலயும் மலை சரிஞ்சிச்சே சார்?" என்று கிண்டலடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை மழையை அளந்துவிட்டு வந்தவரைப் பார்த்து லயமே வாயைப் பிளந்தது. நெற்றி நிறையத் திருநீறு. கழுத்தில் சிலுவை அப்படியே தொங்குகிறது. முற்றத்தில் நின்று முழங்கினார்:

"இன்னைக்குச் செவ்வாக்கெழம! செவ்வாய் நம்ம லயத்து உச்சியில ஏறி நிக்கிது. மத்தியானத்துக்குள்ள எறங்காத குடும்பம் வெளங்காது!"

அவ்வளவுதான். ராசம்மாக்கா மகளை இழுத்துக்கொண்டு முதலில் ஓடினார். பின்னாலேயே பானை, கோழி, டீவி என்று சகலமும், மழைக்காக மூடியிருந்த பள்ளிக்கூடத்துக்கு இறங்கின. நான் படித்தவனாயிற்றே, அசையவில்லை. அவர் என் சட்டையைப் பிடித்துப் படிக்குப் படி இழுத்துப் போனார்.

மூன்று மணிக்கு மலை வந்தது. லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தலைகளை எண்ணினோம். ஒருவரும் குறையவில்லை. பெண்கள் அவர் காலில் விழப் போனார்கள். அவர் திருநீற்றை அழித்துக்கொண்டே வெடித்தார்.

"அளந்து சொன்னேன், ஒருத்தரும் அசையல. பொய் சொன்னேன், ஓடியாந்தீங்க! என் வாயால இந்தப் பொய்யைச் சொல்ல வச்சிட்டீங்களே!"

மறுநாளே டீவிக்காரர்கள் 'அதிசய சோதிடரை'த் தேடி வந்தார்கள். அவர் மழைக் கணக்கைக் காட்டினார். அவர்கள் திருநீறு பூசிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். குடையை எடுத்துக்கொண்டு ரோடு வரை துரத்தினார். வீடு தருகிறோமென்று எங்களைப் போட்டோ பிடித்துப் போனவர்களை யாரும் துரத்தவில்லை. அதனால்தானோ என்னவோ, நாங்கள் இன்னும் தகரக் கொட்டகையில் இருக்கிறோம். அவர் கோபத்தில் பாதியாவது எங்களுக்கு அப்போதே வந்திருக்க வேண்டும்.

ஏழு வருஷமாக எழுதிக்கொண்டிருந்த புது நாவல் எங்கே என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். மண்ணுக்குள் என்றார். அன்று காலை எல்லோரையும் இறக்கிவிட்ட மனுஷன், தன் காம்பராவுக்குள் மட்டும் போகவே இல்லை.

"அந்தக் கொப்பிகளையாவது கையில எடுத்திருக்கலாமே சார்?"

"ஒன்னைய இழுத்துக்கிட்டு வரவே ரெண்டு கையும் பத்தல, மடப்பயலே!"

இன்னொரு தரம் அப்படித் திட்டமாட்டாரா என்றிருந்தது.