பழைய வண்டி விடமாட்டேங்குது

"பாரு ஐசக்கு, இப்ப வரும்" என்று மாதப்பன் சொல்லி வாய் மூடவில்லை, லாரி ஒரு உதறு உதறியது. ஐசக்கின் மடியிலிருந்த லேப்டாப் நழுவிக் காலடியில் விழுந்தது.

லாரி புத்தம் புதியது. ஆட்டோமேட்டிக் கியர். தானே போட்டுக்கொள்ளும், தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் ஒரு வெட்டு.

"கம்ப்யூட்டர் ஒரு கோளாறும் இல்லைங்குதுண்ணா."

"அதுக்கு எப்படித் தெரியும்? இது மிஷின் கோளாறு இல்ல." மாதப்பன் குரலைத் தாழ்த்தினார். "பழைய வண்டி வந்திருக்குது."

மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து மாதப்பன் ஓட்டிய லாரி அது. மூக்கண்டப்பள்ளியில் ஒர்க் ஷாப் போட்ட நாளிலிருந்து அதைக் கவனித்தவன் ஐசக். இனித் தாங்காது, உடைத்துவிடுங்கள் என்று சொன்னவனும் அவன்தான். ஜூஜுவாடி பழைய இரும்புக் கடையில் அதைத் தள்ளிவிட்டு வரும்போது, மாதப்பன் கியர் குமிழை மட்டும் திருகி எடுத்துவந்து புது லாரியின் டாஷ்போர்டில் ஒட்டிவைத்திருந்தார்.

மனுஷனுக்கு ஆவி உண்டென்றே ஐசக் நம்பாதவன். லாரிக்கு எங்கே நம்புவது? சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

கியர் ஆயிலை மாற்றினான். உதறல் போகவில்லை. லோடு அதிகமோ என்று இறக்கிவிட்டு ஓட்டச் சொன்னான். காலி வண்டி இன்னும் மோசமாகக் குதித்தது. சென்சாரை மாற்றினான். வந்தது வந்தோம் என்று பிரேக்கையும் நன்றாக இறுக்கிக் கொடுத்தான். மறுநாள் மாதப்பன் நெற்றியில் புடைப்போடு வந்து நின்றார்.

"நீ தொடத் தொட அதுக்குக் கோவம் ஏறுதுப்பா."

ஸ்வாதிக்கும் கோபம் ஏறியிருந்தது. தன் அப்பாவுக்குப் பிறகு டிரான்ஸ்போர்ட்டை நடத்தும் முதலாளி அவள். "கம்பெனிக்காரங்க வண்டியில குத்தம் இல்லைங்கறாங்க. இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா வேற டிரைவரப் போட்டுத்தான் பாக்கணும்."

 மாதப்பன் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். 

ஐசக்கே ஏறி ஓட்டிப் பார்த்தான். சத்தம் உயர்ந்து கியர் மாறும் நேரம், அதே வெட்டு. டாஷ்போர்டில் குமிழ் கடகடவென்று ஆடியது. ஐசக்குக்குக் கைமயிர் சிலிர்த்தது.

"நகருங்க, நான் பாக்கறேன்" என்று ஏறினாள் ஸ்வாதி. ஸ்கூட்டியும் ஆட்டோமேட்டிக் காரும் தவிர எதையும் ஓட்டியறியாதவள். ஷெட்டுக்குள்ளேயே சுற்றிவந்தாள். லாரி வழுக்கிக்கொண்டு போனது. "நல்லாத்தானே போவுது?"

மாதப்பன் ஐசக்கின் காதருகே வந்தார். "பாப்பா அந்த வண்டியத் தொட்டதே இல்ல. ஓட்டுனவன் நான், ஒடைக்கச் சொன்னவன் நீ. ஆள் பாத்துத்தான் பிடிக்குது."

ஐசக்குக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் மனைவி கிருபாராணிக்குத் தெரியாமல் ஜெப எண்ணெய் பாட்டிலை எடுத்துப்போய் கியர்பாக்ஸ் மேல் தடவினான். மாதப்பன் அதன் பக்கத்திலேயே எலுமிச்சம்பழம் கட்டினார். ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. உதறல் மட்டும் குறையவில்லை.

குமிழைப் பழைய வண்டிக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. விடிந்ததும் கிளம்பினார்கள். ஓசூர்ப் பனி எதிரே வந்த வண்டிகளை விழுங்கியிருந்தது. திருஷ்டிப் பூசணிக்காயைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஸ்வாதி ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். கடை நெருங்க நெருங்க உதறல் கூடியது. அடுத்த வெட்டு எப்போது என்று இருவரும் விறைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

கடை மதில் தாண்டி, பனிக்குள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பழைய லாரியின் முகம். ஒரு ஹெட்லைட் இல்லை. மாதப்பன் வரைந்த மைக்கண்கள் மட்டும் அழியாமல் அவர்களையே பார்த்தன.

இருவரும் இறங்கினார்கள். மாதப்பன் குமிழை மதில்மேல் வைத்தார். "உன்ன வுட்டுட்டு இன்னொண்ணுல போயி ஒக்காந்தது தப்புதான் சாமி. வேற தொழில் தெரியாதே எனக்கு" என்று அழுதேவிட்டார்.

ஐசக்கும் கைகூப்பினான். "ஒடைக்கச் சொன்னது நான்தான். என்ன வேணா பண்ணிக்க. அவர வுட்டுடு."

காற்றுகூட இல்லை. மதில்மேல் இருந்த குமிழ் மெல்ல உருண்டு அந்தப் பக்கம் விழுந்தது.

"வாங்கிக்கிச்சு" என்றார் மாதப்பன். இருவரும் நிம்மதியாக ஏறினார்கள். லாரி நகர்ந்தது, வேகம் எடுத்தது, இரண்டாவது கியருக்கு மாறப்போகும் சத்தம் கேட்டது.

இதுவரை வராத உதறல் வந்தது. வண்டி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் தொப்பென்று எதுவோ உடைந்தது.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாதப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஐசக் தனக்குத் தெரிந்த பைபிள் சங்கீதத்தை முணுமுணுத்தான். பனிக்குள் காலடிச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. டிரைவர் பக்கக் கதவு மெதுவாகத் திறந்தது.

ஸ்வாதி. ஹெல்மெட்டிலிருந்து பூசணி விதை வழிந்துகொண்டிருந்தது. அவள் மாதப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, இன்னும் அழுத்தியபடியே இருந்த அவருடைய இடது காலைப் பார்த்தாள்.

"கிளட்சே இல்லாத வண்டியில, பழைய வண்டி நெனப்புல இந்தக் காலால எதண்ணா மிதிக்கிறீங்க? வழி பூரா ஒவ்வொரு ஒதறலுக்கும் பின்னாடி பிரேக் லைட்டில்ல எரிஞ்சுட்டு வந்துச்சு."