ஸ்டோர் ரூமுக்கு ஒரு அதிவேக லைன்

ஒரு வியாழக்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே வேகமான நெட்வொர்க் என் குவார்ட்டர்ஸில்தான் ஓட வேண்டும்.

காரணம் வெளியில் சொல்லக்கூடியதல்ல. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். ஸ்கூட்டரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதே இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவேன், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு. வைஃபை திக்கும்போதெல்லாம் என் கார் சுவரில் மோதி நிற்கும். இந்த அவமானத்தை ஒரு மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்?

என் மனைவி செண்பகவல்லிக்கும் இன்டர்நெட் வேண்டும். மஸ்கட்டில் இருக்கும் ஆறு பிள்ளைகளுக்கு, அங்கே லீவு நாளான வெள்ளியும் சனியும், வீடியோவில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். லேப்டாப் இருப்பது சமையலறை மேடையில், குக்கருக்குப் பக்கத்தில். ஸ்டோர் ரூமைக் கேட்டு இரண்டு வருஷமாக மனுப் போடுகிறாள். அது என் ரேஸ் மைதானம். தர முடியுமா?

"ஹால்லேர்ந்து ரெண்டு கேபிள் இழுக்கப்போறேன். ஒண்ணு ஸ்டோர் ரூமுக்கு. ஒண்ணு பெட்ரூம்ல உனக்கு."

"ரெண்டும் ஒரே வேகம்தானங்க?"

"அச்சு அசலா."

பொய். ஹாலில் மோடம் பக்கத்தில், நெட்டைப் பிரித்துத் தரும் பெட்டிகள் இரண்டு வைத்திருந்தேன். புது கிகாபிட் சுவிட்ச் எனக்கு. பழைய சாமான் கடையில் கிடைத்த ஹப் அவளுக்கு. அது எந்நேரமும் தூங்கி வழியும்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜானிடம், கேபிள் முனையில் பிளக் பொருத்தும் கிரிம்பிங் டூல் இரவல் வாங்கினேன். "என்னா சார், வூட்டையே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆக்கிகினு இருக்கீங்க" என்று அவரும் வந்து பார்த்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எந்தப் பெட்டி என்ன வேகம் என்று அவரிடம் மட்டும் உளறிவைத்தேன்.

சுரங்க வழக்கப்படி ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் டேக் கட்டினேன். 'ஸ்டோர்', 'பெட்'. நூறு கேபிள் ஓடுகிற இடத்தில் எது எங்கே போகிறது என்று யாரும் கூடவே நடந்து பார்ப்பதில்லை. டேக் சொல்வதுதான் வேதம். கட்டி முடிப்பதற்குள் செகண்ட் ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, டேக்கைப் பார்த்து மாட்டினேன். 'ஸ்டோர்' புதுசில். 'பெட்' பழசில்.

ரேஸ் தொடங்கியது. முதல் வளைவிலேயே படம் உறைந்தது. கார் சுவரில்.

எல்லாவற்றையும் கழற்றி, டேக் பார்த்து, மறுபடி மாட்டினேன். மறுபடி சுவர். பெட்ரூமில் மஸ்கட் பிள்ளைகள் ஆத்திசூடி சொல்வது கணீரென்று கேட்டது. கிளாஸ் முடிந்ததும் அவள் லேப்டாப்பை வாங்கி வேகம் அளந்தேன். எனக்கு வர வேண்டிய அத்தனையும் அங்கே கொட்டிக்கொண்டிருந்தது.

முப்பது வருஷ சர்வீஸில் நான் கட்டின டேக் தப்பானதில்லை. ஆகவே ஸ்டோர் ரூம்தான் தப்பு.

"செண்பகம், நீ ஸ்டோர் ரூம் கேட்டியே, எடுத்துக்கோ."

"வேணாங்க. உங்க ரேஸ் என்ன ஆகுறது?"

"எனக்கு நீதான் முக்கியம். நான் பெட்ரூமுக்குப் போயிடறேன்."

"அப்புறம் திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

"நான் என்ன கான்ட்ராக்டா? சொன்னா சொன்னதுதான். பெர்மனென்ட்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜை, கம்ப்யூட்டர், நாற்காலி எல்லாவற்றையும் நானே ஒற்றை ஆளாகச் சுமந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே ஷிப்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை பெட்ரூமில் உட்கார்ந்தேன். முதல் வளைவு. சுவர்.

ஜானைக் கூப்பிட்டேன். அவர் ஹாலில் தொடங்கி இரண்டு கேபிளையும் தடவிக்கொண்டே கடைசி வரை நடந்துவிட்டு வந்தார்.

"எல்லாம் கரெக்டா கீது சார். புதுப்பெட்டி ஸ்டோர் ரூமுக்கு, பழசு பெட்ரூமுக்கு. டேக்கும் அப்படித்தான்."

"நேத்து அப்படி இல்லையே?"

"நேத்து ஹால்ல டேக்கு மாறிகினு இருந்திச்சு. நீங்க ரூம் மாத்தினதும் அக்கா பழையபடி கட்டி, பெட்டியிலயும் மாத்தி சொருவிட்டாங்க."

டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"அக்காதான் சொன்னாங்க. வியாழக்கெழமையே நீங்க ஷிப்டுக்குப் போனதும் வந்து கேட்டாங்க, எந்தப் பெட்டி வேகம்னு. சொன்னேன். டேக்கை மாத்திக் கட்டினா சார் கண்டுபுடிப்பாரான்னாங்க. மைன்ஸ்காரரு, சத்தியமா கண்டுபுடிக்க மாட்டாருன்னேன். தப்புங்களா?"

நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனேன். கதவு உள்பக்கம் தாழ். தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே ஆறு பிள்ளைகள் ஒரே குரலில் "வணக்கம் டீச்சர்" என்றார்கள். இரண்டு வருஷம் குக்கர் விசிலுக்கு நடுவே கத்தினவள், இப்போது நிதானமாகப் பதில் வணக்கம் சொன்னாள். தூக்கின கையால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினேன்.

பெட்ரூமில் என் திரையில் ஒரு செய்தி வந்திருந்தது. அந்த ஹப் வழியாக ஒரு நொடிகூடத் திக்காமல் வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்: "தொண்டை காயுதுங்க. சுக்கு காபி. சத்தம் போடாம கதவுகிட்ட வச்சிடுங்க."