நளன் குளத்தில் கழித்துவிட்ட கறுப்பு வண்டி

கோவில்பத்து, காரைக்கால்
25-2-1984, சனிக்கிழமை (ஆமாம், சனிக்கிழமையேதான்)

அன்புள்ள தம்பி உத்திராபதிக்கு அக்கா சொர்ணாம்பாள் ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நானும், உன் அத்தானும், மகள் ராசாத்தியும், மூன்று மாடுகளும், ஒரு மோட்டார் சைக்கிளும் சௌக்கியம். அங்கே நீயும் உன் கோபமும் சௌக்கியமா? மங்கையர்க்கரசியை நான் கேட்க வேண்டியதில்லை. பத்து நாளாய் அவள்தான் திருநள்ளாற்றிலிருந்து பஸ் ஏறி வந்து கல்யாணத்துக்கு அப்பளம் இட ஒத்தாசை செய்கிறாள். தங்கமான பெண். உன்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர அவள் செய்த தப்பு ஒன்றுமில்லை.

உன் கடுதாசி வந்தது. மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவள் நான். எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. பொம்பளை மோட்டார் சைக்கிள் வாங்கியது தப்பு, அதிலும் ஒருத்தன் சனி தொலையட்டும் என்று விட்டுப்போன வண்டியை வாங்கியது மகா தப்பு, அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் வைகாசியில் ராசாத்தி கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வந்து நிற்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சரி. திருப்பிக் கொடுக்க மாட்டேன். பதில் இவ்வளவுதான். ஆனால் தாளில் இடம் பாக்கி இருக்கிறது, அதை ஏன் வீணாக்க வேண்டும்?

நான் என்ன ஊர் சுற்றவா வாங்கினேன்? உன் அத்தானுக்கு முழங்கால் போய்விட்டது, பால்கேனைக் கட்டிக்கொண்டு டவுனுக்குச் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர், "ஏம்மா, மாட்டையும் சேத்தே ஏத்திடேன்" என்கிறான். டீக்கடைக்காரர்கள், "இனிமே நேரம் தப்புனா வேற ஆளு பாத்துக்குறோம்" என்று சொல்லியாகிவிட்டது. அந்தப் பாலை நம்பித்தானடா உன் மருமகள் கல்யாணமே இருக்கு!

வண்டியைப் பார்த்து வாங்க எனக்குத் தெரியாதாம். மாடு பிடிக்கத் தெரிந்தவளுக்கு வண்டி பிடிக்கத் தெரியாதா? மாடு நம்மை உதைக்கும், வண்டியை நாம் உதைக்க வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான். டவுனில் பழைய வண்டி விற்கிற மெக்கானிக் கபீர் கடைக்கு உன் அத்தானையும் இழுத்துக்கொண்டு போனேன். முதலில் ஒரு புல்லட்டில் ஏறினேன். இரண்டு காலும் அந்தரத்தில். இரண்டு பக்கமும் இரண்டு ஆள் தாங்கிப் பிடிக்க, சாமி புறப்பாடு மாதிரி இருந்ததோ என்னவோ, உன் அத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த வண்டியை ஓங்கி ஓர் உதை விட்டேன். வண்டி கிளம்பவில்லை, என் செருப்பு கிளம்பி எதிர்த்த டீக்கடை பாய்லர் மேலே போய் உட்கார்ந்தது. "யாரு செருப்புய்யா இது?" "பால்கார சொர்ணாம்பா செருப்புதான், பத்திரமா வைங்க, வந்து வாங்கிக்குறேன்!"

அப்புறம்தான் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் அந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்தேன். பெயர் இங்கிலீஷில் இருந்தது, படிக்கவில்லை. கபீர் தங்கமான பிள்ளை, எதையும் மறைக்கவில்லை.

"அக்கா, இது வெளியூர்க்காரரு வண்டி. நளன் குளத்துல முழுகி, கட்டுன துணிய விட்ட கையோட, இதையும் கழிச்சாத்தான் சனி விடும்னு என்கிட்ட தள்ளிட்டு பஸ்ஸுல போயிட்டாரு. ஆறு மாசமா ஒருத்தரும் தொடல."

"என்ன கோளாறு?"

"வண்டியில ஒண்ணுமில்லக்கா. கறுப்பு. நம்பரைக் கூட்டுனா எட்டு. இன்னைக்குக் கிழமை வேற சனி."

உன் அத்தான் கடையை விட்டு இறங்கித் தெருவில் போய் நின்றுகொண்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் மண்ணில் பதிந்தது, வயலில் நிற்கிற மாதிரி. "இதாம்ப்பா என் வண்டி" என்றேன்.

கேட்டுக்கொள். வெளியூர்க்காரன் சனீஸ்வரனுக்குப் பயப்படலாம், நாம் ஏன் பயப்பட வேண்டும்? அவர் பக்கத்து ஊர்க்காரர். உறவுக்காரர் மாதிரி. எட்டு ஆகாது என்கிறாய், லைசென்ஸ் கொடுக்கிறவர்களே எட்டுப் போட்டுக் காட்டு என்கிறார்களே! சேலையைத் தூக்கிச் செருகினேனாம், மானம் போச்சாம். நாற்று நடும்போது செருகினால் லட்சணம், வண்டி ஏறும்போது செருகினால் மானக்கேடா? போடா. கோயில் வாசலில் எள்ளுப் பொட்டலம் விற்கிற உனக்கு, அக்காளே சனிக்குப் பயப்படவில்லை என்று தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கவலை. அதைச் சொல்லேன்!

பழகும்போது இரண்டொரு சங்கடம் வந்தது, மறைக்கவில்லை. முதல் நாள் நேரே முத்தையன் வீட்டு வைக்கோல் போருக்குள் போய்விட்டேன். "யக்கா, உள்ள இருக்கியா?" என்று முத்தையன் கேட்க, "இருக்கேன், வண்டியும் இருக்கு" என்றேன். இரண்டாம் நாள் நன்றாக ஓட்டினேன், நிறுத்தத்தான் வரவில்லை. தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நாலாவது சுற்றில் தாகம் என்று கத்தினேன். ஐந்தாவது சுற்றில் உன் அத்தான் வாசலில் நின்று ஒரு டம்ளர் மோர் நீட்டினார், ஒரு கையால் வாங்கிக் குடித்து ஆறாவது சுற்றில் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். பெட்ரோல் தீர்ந்ததும் வண்டி தானே நின்றது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு காக்கா தினமும் சீட்டின் மேல் வந்து உட்காருகிறது. தெருவே பயந்து கதவைச் சாத்துகிறது. நான் ஒரு பிடி சோறு வைத்து, "எழுந்திரிங்க சாமி, டவுனுக்குப் போகணும்" என்கிறேன். மரியாதையாக எழுந்துகொள்கிறது. ஒரு வாரமாய்ப் பால் நேரம் தப்பவில்லை.

ஒன்று மட்டும் உனக்காக விட்டுக்கொடுக்கிறேன். என் கையால் அந்த வண்டி திருநள்ளாறு எல்லைக்குள் வராது. உன் கடை முன்னால் நிறுத்தி உன் மானத்தை வாங்க மாட்டேன், ராசாத்தி மேல் சத்தியம். அதற்கு மேல் கேட்காதே. நீ கல்யாணத்துக்கு வராவிட்டால் தாய்மாமன் மாலையை வண்டிக் கைப்பிடியில் போட்டு அதையே பந்தலில் நிறுத்துவேன். அது உன்னைவிடக் குறைவாகத்தான் சத்தம் போடும்.

நீயும் உன் எள்ளும் எண்ணெயும் நூறு வருஷம் செழித்து, சளி இருமல் இல்லாமல், கோபம் மட்டும் கொஞ்சம் மெலிந்து நன்றாயிருக்கணும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளும்,
உன் அக்கா சொர்ணாம்பாள்.

பி.கு.: சத்தியத்தை மீறவில்லை, வண்டியை நான் கொண்டுவரவில்லை. உன் பெண்டாட்டி பத்து நாளாய் இங்கே இட்டது அப்பளம் மட்டுமில்லை. இந்தக் கடிதத்தை இப்போது உன் கடைக்குள் விட்டெறிந்துவிட்டுப் போனது அவள்தான், நாலு வீதியும் சுற்றித் திரும்ப வருவாள். வண்டியைக் கிளப்பவும் வளைத்துத் திருப்பவும் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது, நிறுத்துவது நாளைப் பாடம். பெட்ரோல் கொஞ்சமாகத்தான் ஊற்றியிருக்கிறேன், பயப்படாதே. நின்றதும் இங்கே வந்து சேர்கிற அளவுக்கு மட்டும் பெட்ரோல் ஊற்றி, பின்னால் ஏறிக்கொண்டு வந்து சேர், தாய்மாமன் வேட்டி எடுக்க வேண்டும். அதுவரைக்கும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டம்ளர் மோரோடு வாசலில் நில்.