சின்னப்பொண்ணு அக்காவும் சென்னைக் குருவிகளும்

என் இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்வேன். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையேதான் சொன்னேன். கல்யாணமாகி மூன்றாவது மாதம் என் மனைவிக்கு உண்மை தெரிந்துவிட்டது. அன்றோடு வீட்டில் எனக்கிருந்த மரியாதையும் போனது. ஆகவே இனி மறைத்துப் பயனில்லை. ஒரு பெண்மணி குருவி விரட்டிக்கொண்டிருந்தபோது குறுக்கே போய் நின்றதால் வந்த தழும்பு அது. இதில் இன்னும் கேவலம், அந்த இடத்தில் குருவியே கிடையாது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பிசியோதெரபி படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன மறுவாழ்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பக்கவாதம் வந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், இடுப்பு உடைந்தவர்கள் என்று வருவார்கள். கையைத் தூக்குங்கள், இறக்குங்கள், கயிற்றை இழுங்கள், பத்து வரை எண்ணுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். இதற்கா இத்தனை வருஷம் படித்தோம் என்று உள்ளுக்குள் ஓர் அலுப்பு.

அந்த நேரம் பார்த்து, ஒரு மாதம் வைத்துப் பாருங்கள் என்று சென்னைக் கம்பெனி ஒன்று வி.ஆர். கருவி ஒன்றைக் கொடுத்தது. கண்ணில் மாட்டிக்கொண்டால் வேறோர் உலகம் தெரியும். அதற்குள் கையை ஆட்டி விளையாட வேண்டும். கை எவ்வளவு தூரம் போகிறது, கண் எங்கே பார்க்கிறது, சொன்னது புரிகிறதா, கவனம் எத்தனை நொடி நிற்கிறது என்பதையெல்லாம் செயற்கை நுண்ணறிவு கவனித்து, கடைசியில் ஓர் அறிக்கை கொடுத்துவிடும்.

இதற்கான இரண்டு நாள் பயிற்சிக்கு என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். போகும்போது கள்ளக்குறிச்சி பக்கத்து வடக்கனந்தல் பையனாகப் போனவன், திரும்பும்போது விஞ்ஞானியாக வந்தேன். பயிற்சியில் கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் டீ குடிக்கவே போவேன். (தூங்கும்போதாவது கழற்றினேனா என்பது சந்தேகம்.) “இனிமே எல்லாத்தையும் ஏ.ஐ.யே பாத்துக்கும்ண்ணே” என்று டீக்கடைக்காரரிடம் அளந்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “அப்ப நீ எதுக்குப்பா?” என்று கேட்டார். நான் பன்னைக் கடித்தேன்.

அந்த வாரம்தான் சின்னப்பொண்ணு அக்கா வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆடி மாதம் களை பறித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கால் ஓரளவு தேறி, பிடித்துக்கொண்டு நடந்தார். வலது கை மட்டும் மார்புக்கு மேல் எழும்பவில்லை. பேச்சு கொஞ்சம் இழுத்தது, ஆனால் அளவில் ஒரு குறையும் இல்லை. கள்ளக்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி எங்களிடம் வந்துபோனார். கணவர் கோவிந்தன் நாலு நாள் மலையில், மூன்று நாள் கீழே என்று பஸ்ஸிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

தினமும் உள்ளே வந்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“தம்பி, காட்டுல சாமக் கதிரு பால் புடிச்சிக்கினு இருக்குது. என்ன எப்ப வூட்டுக்கு அனுப்புவீங்க?”

“அதான் அண்ணன் பாத்துக்கிறாருல்லக்கா?”

“யாரு, இவுரா? காவலுக்குப் போனா படுத்துத் தூங்கிக்கினு இருப்பாரு. குருவி இவுரு வயித்து மேலயே ஒக்காந்து தின்னுட்டுப் போவும்.” கோவிந்தன் மறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். புத்தியும் கவனமும் நன்றாக இருந்தால் அக்கா மலைக்குப் போகலாம், வாரம் ஒருமுறை வந்தால் போதும். இல்லையென்றால் இன்னும் மூன்று மாதம் கீழேதான். அடுப்பு, கிணறு, சரிவு எல்லாம் இருக்கிற இடத்தில் தனியாக விட முடியாது. மூன்று மாதம் என்றால் அந்த வருஷச் சாமையை மறந்துவிட வேண்டியதுதான். இதை முடிவு செய்யும் சோதனையை நம் புதுக் கருவியிலேயே செய்துவிடலாம் என்று சொன்ன புண்ணியவான் நான்.

விளையாட்டின் பெயர் ‘பறவைகளுக்கு விருந்து’. பலவீனமான கையில் ஒரு பிடியைக் கட்டிவிடுவோம். விரலை மடக்கினால் அந்த உலகத்தில் கை நிறையத் தானியம் வரும். கையை நீட்டி விரித்தால் ஒரு குருவி வந்து கொத்தித் தின்னும். முதல் நிலையில் எட்டுக் குருவிகள், குருவிக்கு ஒரு புள்ளி. அக்கா தலையில் கருவியை மாட்டினேன். “வணக்கம் தோழி! பசியோடு இருக்கும் இந்தப் பறவைகளுக்கு உங்கள் வலது கையால் தானியம் அளியுங்கள்!” என்று ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொன்னது.

அக்கா விரலை மடக்கினார். தானியம் வந்தது. மடக்கிய கையை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டார்.

“கையை நீட்டுங்கள் தோழி!” என்றது குரல். அக்கா இன்னும் இறுக்கிக்கொண்டார். கால் மணி நேரம் ஆகியும் இதே கதைதான். ஒரு குருவியும் ஒரு தானியமணிகூடத் தின்னவில்லை. பூஜ்யம்.

நான் குனிந்து, காது கேட்காத குழந்தையிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகக் கத்தினேன். “அக்கா... இது... குருவி. குருவிக்கு... பசி.”

“பசிக்கட்டும்” என்றார் அக்கா.

‘தொடர்பில்லாத பதில்’ என்று குறித்துக்கொண்டேன். (ஆமாம், எழுதினேன். அந்தத் தாள் இன்னும் டாக்டரம்மாவிடம் இருக்கிறது. என்னை எப்போதாவது அடக்க வேண்டியிருந்தால் எடுப்பதற்காக.) செயற்கை நுண்ணறிவும் தன் பங்குக்கு அறிக்கை கொடுத்தது. கவனம்: மிகக் குறைவு. சொன்னதைப் புரிந்துகொள்ளும் திறன்: மிகக் குறைவு. தனியாக இருக்கப் பரிந்துரைக்கப்படவில்லை.

ஏன் அக்கா குடுக்கல என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு, பந்தயத்தில் கோப்பை ஜெயித்தவன் மாதிரி டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவருக்கு அன்று வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். படித்துப் பார்த்துவிட்டு, சரி, மூன்று மாதம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் சின்னப்பொண்ணு அக்கா சண்டை போடவில்லை. முந்தானையை இடது கையால் இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் கம்ப்யூட்டர் சொன்னால் நாம் என்ன செய்ய முடியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். இந்த இடத்தில் மட்டும் இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

அடுத்த வாரம் கம்பெனி மேலாளர் டை கட்டிக்கொண்டு வந்தார். கூடவே, கருவியை வாங்கலாமா என்று பார்க்க வெளியூரிலிருந்து இரண்டு டாக்டர்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகவே மணலூர்பேட்டையிலிருந்து சிகிச்சைக்கு வரும் வாத்தியார் ஒருவரைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரே மூச்சில் நூறு குருவிக்குத் தீனி போடக்கூடியவர். அன்றைக்குப் பார்த்து அவருக்கு வயிற்றுப்போக்கு. அறையில் மிச்சம் இருந்த ஒரே நோயாளி சின்னப்பொண்ணு அக்காதான்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (அறிக்கை எடுக்க வேண்டியது எனக்குத்தான்.) எட்டுக் குருவி அக்காவுக்குப் புரியவில்லை என்றால், கூட்டத்தை அதிகமாக்கினால் புரியும் என்று முடிவு செய்தேன். ஒரேயடியாக ஐந்தாம் நிலைக்கு ஏற்றினேன். அதோடு நிற்கவில்லை. சொந்த ஊர் மாதிரி இருந்தால் மனசு இளகும் என்று, பூங்காவாக இருந்த பின்னணியை ‘மலைச்சரிவு, விளைந்த பயிர்’ என்று மாற்றினேன்.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துக் கருவியை மாட்டினேன். அவருக்குத் தெரிவதெல்லாம் எங்களுக்குச் சுவர்த் திரையில் தெரிந்தது. நிஜமாகவே அழகான மலைச்சரிவு. காற்றில் கதிர்கள் அசைந்தன. அக்கா தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது யாரு காடு?”

விருந்தாளிகள் முன்னால் உற்சாகமாக இருக்க வேண்டுமே. “உங்க காடுதாங்கா!” என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன மிக முட்டாள்தனமான வாக்கியம் அது. அடுத்த நொடி மலைக்கு அந்தப் பக்கமிருந்து குருவிக்கூட்டம் கிளம்பி, அக்காவின் காட்டில் இறங்கியது.

“ஐயையோ! ஏய்ய்ய்! ஹூய்ய்!”

சுவரில் தொங்கிய நாள்காட்டி ஆடியது. எனக்கு அப்படித்தான் நினைவு. பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பவர், எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். இடது கை காற்றில் துழாவியது. பக்கத்து மேசையில் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த மசால்வடைத் தட்டு கிடைத்தது. கையில் பட்டது வடையா மண்கட்டியா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. முதல் வடை திரையில் பட்டது. இரண்டாவது மேலாளரின் டையில். மூன்றாவது வடை ஒரு டாக்டரின் மடியில் போய் விழ, அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வடை தீர்ந்ததும் காலித் தட்டை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையில் கட்டியிருந்த பிடியால் டமடமவென்று அடிக்க ஆரம்பித்தார்.

“தோழி, தானியம் அளியுங்கள்!” என்றது குரல்.

“ஒனக்கு இன்னாடி போச்சு! போங்கடி! ஹூய்ய்!”

டாக்டரம்மா பாய்ந்து வந்து அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். படித்தவர், அனுபவசாலி, பின்பக்கமாக வந்து பிடித்தார். நான் முன்பக்கமாக ஓடினேன். “அக்கா! அக்கா! அது நெஜம் இல்லக்கா!” என்று கைகளை விரித்துக்கொண்டு நேரே போய் நின்றேன். அக்காவின் கை தலைக்கு மேலே போய் இறங்கியது. என் புருவத்தில் நட்சத்திரம் பறந்தது. அப்படியே மல்லாந்து விழுந்தேன்.

அறைக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தன்தான் முதலில் கத்தினார்.

“அடியே! வலது கையிடீ! வலது கையில அடிச்சிட்டடீ!”

ஒன்றரை மாதமாக மார்புக்கு மேல் வராத கை அது. நான் கயிறு கட்டி இழுக்கச் சொல்லியும் கெஞ்சியும் எழும்பாத கை, இப்போது தலைக்கு மேலே நின்றது. “பூஜ்யம் புள்ளி. பரவாயில்லை தோழி, மீண்டும் முயலுங்கள்!” என்றது செயற்கை நுண்ணறிவு.

கருவியைக் கழற்றியதும் அக்கா மூச்சு வாங்க என்னைப் பார்த்தார். “ஐயோ தம்பி, ஒன்னயா அடிச்சேன்? குறுக்க ஏம்ப்பா வந்த?”

டாக்டரம்மா என் புருவத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டார். “சின்னப்பொண்ணு, குருவிக்குத் தீனி போடத்தான சொன்னோம். ஏன் வெரட்டின?”

“பின்ன இன்னாங்கம்மா? அங்க என் காட்ட குருவி தின்னுக்கினு இருக்குது, என்ன அனுப்புங்கன்னு தெனம் கேக்குறேன். இந்தத் தம்பி என்ன இங்கயே குந்தவெச்சி, குருவிக்கு அள்ளிப் போடுன்னுது. எனக்கா மூள கெட்டுப்போச்சு?”

டாக்டரம்மா என் புருவத்துப் பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

அக்கா நிறுத்தவில்லை. “அதுவும் அது சாம தின்ற குருவியே இல்லீங்கம்மா. மூக்கு நீட்டா, வளைஞ்சு இருக்குது. அது பூவுல தேன் குடிக்கிறது. இடது பக்கந்தான் ஜாஸ்தி வருது, வலது பக்கம் கம்மி. மொதல் நாளு எட்டே எட்டுதான், அதுங்களே சுத்திச் சுத்தி வந்துது. அதுல ஒண்ணுக்கு ஒரு றெக்க ஆடவே இல்ல, பாவம்.”

மேலாளர் டையிலிருந்து வடையைத் தட்டிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார். “ஆமா மேடம்” என்றார், தலையைத் தூக்காமல். “தேன்சிட்டுதான். அழகா இருக்கும்னு போட்டோம். அந்த றெக்க... இதுவரைக்கும் யாரும் சொல்லல.”

டாக்டரம்மா அன்று மாலையே காகிதமும் பென்சிலுமாக அரை மணி நேரம் அக்காவுடன் உட்கார்ந்து பழைய முறையில் சோதித்தார். பிறகு என் அறிக்கையின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, அக்காவை மலைக்கு அனுப்பிவைத்தார். கை முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், அதற்கு இன்னும் பல மாதம் ஆனது. இருந்த பலத்தை வெளியே எடுக்க அக்காவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர், “நீ கேட்டியா அவங்கள?” என்று மட்டும் கேட்டார். அப்ப நீ எதுக்குப்பா என்ற டீக்கடைக்காரரின் கேள்விக்குப் பதில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. போய்ச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

மேலாளரையும் குறை சொல்லக் கூடாது. இரண்டே வாரத்தில் ‘காவல்’ என்று புது விளையாட்டு ஒன்றைச் செய்து அனுப்பினார். அதில் கையை உயர்த்திக் குருவி விரட்ட வேண்டும். அக்கா வாரம் ஒருமுறை மலையிலிருந்து இறங்கி வந்து விரட்டினார். அவருடைய புள்ளியை மணலூர்பேட்டை வாத்தியாரால் கடைசிவரை தொட முடியவில்லை. நான் மட்டும் எப்போதும் பின்பக்கமாகவே நின்றேன்.

அக்காவின் காட்டில் அந்த வருஷம் சாமை வீடு வந்து சேர்ந்தது. அன்றுமுதல் ஒவ்வோர் அறுவடைக்கும் கோவிந்தன் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “குருவி தின்னது போவ மிச்சம்னு தம்பிகிட்ட சின்னப்பொண்ணு சொல்லச் சொல்லிச்சு” என்று சொல்லிவிட்டுப் போவார். அப்படி ஒருமுறை வீட்டுக்கே வந்தபோதுதான், என் மனைவி புருவத் தழும்பைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்க, மனிதர் வடை உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு, கடையில் வாங்கச் சொன்னதை நான் மறந்துவிட்டு வந்தால், “கவனம் மிகக் குறைவு, தனியாக இருக்கப் பரிந்துரைக்கப்படவில்லை” என்று தேன் ஒழுகும் குரல் சமையலறையிலிருந்து வரும். போன வாரமும் சாமைப் பொங்கல். நன்றாக இருந்தது. இன்னொரு கரண்டி வேண்டுமென்று தட்டை நீட்டினேன். என் மனைவி கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பசிக்குதும்மா” என்றேன்.

“பசிக்கட்டும்” என்றாள்.