இடப்பக்கம் திரும்பி இருமியது சம்பந்தமாக

மதிப்புக்குரிய மச்சான் நளீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல அல்லாஹ்வின் உதவியால் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நான் சுகமாக இல்லை. சம்மாந்துறை வயலில் என் பக்கத்து வரம்பை நீங்கள் வெட்டிய நாளிலிருந்து உங்களோடு கதைப்பதில்லை, உங்கள் வாசல் கடப்படியை மிதிப்பதில்லை என்று இருக்கிறேன். அதில் மாற்றமில்லை. எழுதுவது கதைப்பதில் சேராது.

விசயம் உங்கள் தங்கை, என் மனைவி றஹீமாவைப் பற்றியது. இத்தனை வருசம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தது போதாதென்று, இப்போது தொற்றுநோயிலும் தொற்றுக் கட்டுப்பாட்டிலும் முதுமாணிப் பட்டம் படிக்கிறாள். "படி தங்கச்சி, நல்லந்தானே" என்று அவளுக்குத் துணிவு கொடுத்தவர் நீங்கள் என்பதும் எனக்குத் தெரியும். பாடசாலை அதிபர் பதவியைக் கண்ணில் காட்டிவிட்டு வேறொருவனுக்குக் கொடுத்த கல்வித் திணைக்களத்துக்கு அடுத்தபடியாக என் வாழ்க்கையைக் கெடுத்தவர் நீங்கள்தான். அவள் படிக்கத் தொடங்கியதும் வீடு ஆஸ்பத்திரி வாட்டாக மாறியது. கதவுப் பிடியைத் தொட்டால் குற்றம், மீன் வெட்டிய பலகையில் வெங்காயம் வைத்தால் குற்றம். "ஐந்து வேளை தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்பவனுக்கா கை கழுவப் படிப்பிக்கிறாய்?" என்று கேட்டேன். "வுழூச் செய்றீங்க, சரி. மறுகா அந்தத் துவாயிலதானே துடைக்கிறீங்க? அதக் கழுவி எவ்வளவு காலம் எண்டு சொல்லுங்களன்" என்றாள். அதோடு விட்டாளா? ஏதோ ஒரு மாவை என் கையில் பூசி, கழுவச் சொல்லி, நீல வெளிச்சம் அடித்தாள். விரல் இடுக்கெல்லாம் பேய் பிடித்தது போல மினுங்கியது. "இதெல்லாம் கிருமி எண்டு நினைச்சுக்கங்க" என்றாள். அன்றிலிருந்து என் கையால் ஒரு பிடி சோறு அள்ள எனக்கே பயம் மச்சான்.

ஆனால் உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவள் பரீட்சைக்குக் காசநோய்ப் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது நான் அடுத்த அறையில் இருமினேன். எழுதுவது நின்றது. "எவ்வளவு நாளா இந்த இருமல்?" என்றாள். "இருமலா? தொண்டை கட்டியிருக்கு." "நான் கேட்டது எவ்வளவு நாளா எண்டு." எனக்கே தெரியாது என்றேன். எல்லாவற்றுக்கும் ஏசுகிறவள் அதற்கு மட்டும் ஏசவில்லை. வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் வாயை மூடினால் விசயம் பெரிது என்று அர்த்தம். பொழுதுபடுவதற்குள் என் கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது, யன்னலெல்லாம் திறந்துவிட்டாள். வீடு உங்கள் வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அதில் என் கட்டில் எங்கே கிடக்க வேண்டும் என்று சொல்ல நான் யார்? காலையில் ஒரு சிறிய போத்தலை நீட்டி, "எழும்பினதும் முதல் சளிய இதுல துப்புங்க" என்றாள். பட்டதாரி ஆசிரியனாக இருந்தவன், குருவி கூடக் காணாத இடம் தேடிக் கொல்லைக்குள் நின்று துப்பினேன். போத்தல் போய்விட்டது. சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

அதற்குள் அடுத்த விசாரணை. "இந்த இருமலோட பூட்டின எடத்துல ஆரோட கன நேரம் இருந்தீங்க?" பாலமுனைக் கலியாணத்து வலீமா விருந்து நினைவுக்கு வந்தது. வெளியே மழை, மண்டபக் கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஆறு பேருக்கு ஒரு சஹன் சோறு; உங்கள் சஹனில் ஐந்து பேர்தான் இருந்தீர்கள். வீட்டுக்காரர், "இஞ்ச ஒரு ஆள் கொறையுது, வாங்க சேர், இருங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்து, உங்கள் பக்கத்திலேயே இருத்திவிட்டார். சஹனில் இருந்தபின் எழும்ப முடியுமா? ஒரே தட்டில் கைபோட்டோம். எனக்கு இடப்பக்கம் நீங்கள், வலப்பக்கம் ஒரு ஹாஜியார். பெரிய மனிதர் பக்கம் திரும்பி இருமுவது மரியாதையில்லை; உங்களுக்கு மரியாதை தரும் கடமை எனக்கில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே திரும்பி இருமினேன். நீங்களும் விடவில்லை. நான் இருமும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி இருமி என்னைப் பழித்தீர்கள். மெலிந்தும் இருந்தீர்கள், சீனி வியாதியை அடக்கிவிட்ட பெருமையாக்கும் என்று எரிச்சலோடு அந்த இறைச்சியை விழுங்கினேன்.

"சோத்தால வராது, மூச்சாலதான் வரும்" என்கிறாள் உங்கள் தங்கை. அப்படியென்றால் என் மூச்சு முழுவதும் உங்களுக்குத்தான். சீனி வியாதிக்காரரை இந்த நோய் லேசில் பிடிக்குமாம். அவளிடம் உங்கள் பெயரை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உங்களைக் கூட்டிவர என்னையே அனுப்புவாள், உங்களுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டி வரும். ஆகவே எழுத்தில் அறிவிக்கிறேன்: உங்களுக்கு ஏதும் வந்தால் அது என்னால் வந்தது, ஆனால் பழி, அந்த வரம்பை வெட்டியவருக்கே. நான் இந்த நோயில் மௌத்தானால் ஜனாஸாவை அடக்க வரலாம். வரம்புக் கதை மட்டும் அங்கே வேண்டாம்.

அல்லாஹ் உங்கள் சீனியைக் குறைத்து ஆயுளைக் கூட்டுவானாக. பிள்ளைகளுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
கதைக்காத மச்சான்,
பக்கீர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. என் சளியில் கிருமி இல்லையாம். நெஞ்சுப் படமும் சுத்தமாம். புத்தக அலுமாரித் தூசு ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்தச் சந்தோசத்தில் றஹீமாவிடம் சஹன் கதை முழுவதையும் சொல்லி, நீங்கள் என்னைப் பழித்து இருமியதை நடித்தும் காட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். "நளீம் காக்கா மெலிஞ்சா இருந்தாரு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, என் இருமலைக் கேட்ட அன்றைக்குப் போலவே வாயை மூடிக்கொண்டாள். மச்சான், மேலே எழுதியது ஒன்றையும் வாசிக்க வேண்டாம். இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் கடப்புக் கதவில் செருகிவிட்டு வண்டி ஹோனை அடித்துக்கொண்டு நிற்பவன் நான்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போவோம். முகக்கவசம் கொண்டுவந்திருக்கிறேன். கதைக்க விருப்பமில்லாவிட்டால் கதைக்க வேண்டாம். வழியில் இருமல் வந்தால் இருமுங்கள். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.