ராஜாத்தியின் முன்னறிவிப்பு

உலகத்துத் தண்ணீர்ச் சண்டைகள் அத்தனைக்கும் தீர்வு, உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடிய சர்வதேச நீர்ச் சட்ட மாநாட்டில், பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் பிறந்தது. அதுவரை இலை போடாமல் பொறுத்திருந்த சமையல்காரர்களையும் வரலாறு மறந்துவிடக் கூடாது.

தீர்வைப் பெற்றெடுத்தவர் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் சுருளிவேல். அனுமந்தன்பட்டி வாய்க்காலில் முதல் வயல் அவருடையது. கடைசி வயல் ராஜாத்தியுடையது. நேற்றிலிருந்து தண்ணீர் அவள் முறை. ஆனால் சுருளிவேல் தன் தென்னந்தோப்புக்காக வாய்க்காலின் குறுக்கே போட்ட அடைப்பை இன்னும் எடுக்கவில்லை. தோப்பு நிறைந்து சாலையில் வழிந்தது. அவள் நாற்று மஞ்சளடித்துக் கிடந்தது. இன்றும் தண்ணீர் வராவிட்டால் இந்தப் போகம் நடவு இல்லை. வயிற்றெரிச்சலோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"மேல இருக்கிற நாடு கீழ இருக்கிற நாட்டுக்குத் தீங்கு செய்யக் கூடாது. இதுதான் சர்வதேசச் சட்டம்!" என்று மேடையில் முழங்கினார் சுருளிவேல்.

"அண்ணே, அடைப்பை எப்ப எடுப்பீக?" என்றாள் ராஜாத்தி, நடுக்கூடத்தில் நின்று.

"ஏத்தா, இங்கன வந்து வயக்காட்டுப் பேச்சா? பெரிய பெரிய ஆளுக வந்திருக்காக. நாங்க நதியப் பத்திப் பேசுறோம், வாய்க்காலப் பத்தி இல்ல."

டெல்லியிலிருந்து வந்திருந்த நிபுணர் நெகிழ்ந்துபோனார். "கீழ்ப்படுகையின் குரல்!" என்று அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். உடனே ஒரு 'துணைக்குழு' அமைந்தது. அதன் அறிக்கை வரும்வரை 'தற்போதைய நிலையே தொடரும்' என்று தீர்மானம். தற்போதைய நிலை என்பது அடைப்புதான். அதைத் தீர்மானத்தில் எழுதவில்லை. எழுதினால் அழகாக இருக்காது.

பிறகு நிபுணர் அடுத்த விதிக்குப் போனார். "ஆற்றில் கைவைக்கும் நாடு, மற்ற நாட்டுக்கு முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும்."

வாசல்வரை போன ராஜாத்தி நின்றாள். இது அவளுக்குத் தெரிந்த சட்டம். அவர்கள் வாய்க்காலில் அடுத்தவர் அடைப்பைத் தொடும் முன் சத்தம் கொடுக்க வேண்டும். அதைக் காதில் வாங்கியவர் மறுக்காவிட்டால் சம்மதம். விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"அண்ணே, உங்க அடைப்ப வெட்டப் போறேன்! பெறகு சொல்லலைன்னு சொல்லாதீக!"

மண்டபம் அதிர்ந்தது. நிபுணர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, சுருளிவேலும் எழுந்து கைதட்ட வேண்டியதாயிற்று. சம்மதம்.

ஊருக்குத் திரும்பியதும் ராஜாத்தி அடைப்பை வெட்டினாள். மண்ணுக்கடியில் ஒரு பிளக்ஸ் பேனரைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். இழுத்த இழுப்பில் தண்ணீர் முழங்காலை நனைத்துக்கொண்டு அவள் வயல் பக்கம் ஓடியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிளக்ஸை விரித்துப் பார்த்தாள். சுருளிவேல் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்குமேல், 'சர்வதேச நீர்ச் சட்ட மாநாடு', போன வருடத்தியது.

சர்வதேசச் சட்டத்துக்கு வலு இல்லை என்று விவரம் தெரியாதவர்கள் குறை சொல்கிறார்கள். இரண்டு நாளாக அது ஒரு சொட்டுகூட ஒழுக விடவில்லை.