வாவிக்குள் மவுஸோடு நின்ற நிபுணர்

கணினி தெரியாதவனால் கணினிக்குப் பெரிய ஆபத்து இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்து. சுனாமிக்கு அடுத்த வருடம் நாவற்குடாவில் ஒரு நிவாரண அலுவலகத்தில் அப்படி ஒருவன் வேலை பார்த்தான். (நான்தான்.)

அங்கிருந்த ஒரே கணினியில் லினக்ஸ் போட்டவன் நான் என்பதால் எனக்கு 'நிபுணர்' என்று பெயர். வைத்ததும் நானே.

ஒரு நாள் காலையில் அது படுத்துவிட்டது. விசிறி நெல்லு மில் போல இரைந்தது. மவுஸை அசைத்தால் திரையில் அம்பு யோசித்துத்தான் நகர்ந்தது.

"தம்பி, மூணு மணிக்கு வீட்டு லிஸ்ட் அரசாங்கக் கச்சேரியில இருக்கணும். இல்லாட்டி இந்த முறை நம்மட ஆக்களுக்கு வீடு இல்ல" என்றார் பொறுப்பாளர் நிஸ்தார் நானா.

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் சாந்தி. அவளும் அம்மாவும் முகாம் கூடாரத்தில் இருந்தார்கள். அம்மாவின் பெயரும் அதில் இருந்தது.

எனக்கோ ஒரே உற்சாகம். வைத்தியருக்கு நோயாளி கிடைத்துவிட்டதே! திரையின் பின்னணிப் படத்தை மாற்றினேன். திரையில் இருந்த அலங்காரங்களை நிறுத்தினேன். பெட்டியைக் கழற்றித் தூசி ஊதினேன். (தூசி முழுக்க நானாவின் தேத்தண்ணிக்குள் போனது.) மின்சாரசபையையும் திட்டினேன். மணி இரண்டானது. கடைசியில்தான், எது எவ்வளவு ப்ராஸசரைத் தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். முதலில் செய்ய வேண்டியது அதுதான்!

"கண்டுபிடிச்சிட்டன்! கடல்! தொண்ணூத்தொம்பது வீதம் தின்னுது!"

'கடல்' என்பது முந்தின நாள் நானே எழுதிய நிரல். எல்லோருக்கும் இன்னும் கடல் பயம். எங்காவது நிலம் நடுங்கியதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையத்தில் பார்ப்பது அதன் வேலை. 'பத்து நிமிடம் பொறு' என்ற வரியை மட்டும் எழுத மறந்துவிட்டேன். பாவம், அது மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

வெற்றிக் களிப்பில் அதை நிறுத்தினேன். நிரல் நின்றால் கடல் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கணினி அபாயக்குரல் எழுப்பும்படி செய்திருந்ததையும் மறந்தே போனேன்.

"கடல் வருகுது! ஓடுங்கோ!"

ஒலிபெருக்கியில் கத்தியது நான் பதிந்து வைத்திருந்த என் சொந்தக் குரல். அதைக் கேட்டு முதலில் ஓடியவனும் நான்தான். நானா செருப்பை விட்டுவிட்டு என் பின்னால் ஓடினார். ஆனால் எங்கள் ஊரில் எவ்வளவு தூரம் ஓடமுடியும்? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றபோதுதான் கையில் மவுஸ் இருப்பதைப் பார்த்தேன், வால் அறுந்து.

வெட்கம் பிடுங்கித் தின்னத் திரும்பி வந்தால், சாந்தி விசைப்பலகையாலேயே பட்டியலை அச்சடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். விசிறிச் சத்தமே இல்லை.

"நீங்க ஓடல்லையா?" என்றேன்.

"பயந்தான். எண்டாலும் கத்தினது உங்கட குரல். கடல் உங்களிட்டச் சொல்லிப்போட்டா வரும்? லிஸ்ட்டில அம்மாட பேர் வேற இருக்கு. நீங்க ஓடின மறுகா மிஷின் நல்லா வேலை செய்யுது."

பட்டியல் நேரத்துக்குப் போனது, வீடும் வந்தது. அந்த வீட்டுக்கே நான் மருமகனாகவும் போனேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் ஃபோன் சிக்கினாலும் நான் கைவைக்குமுன் சாந்தி பிள்ளைகளைக் கூப்பிடுவாள்:

"அப்பாவ ஒருக்கா வாவிக்கரைக்கு ஓடிட்டு வரச் சொல்லுங்கோ. சரியாயிரும்."